இரண்டு பெர்னாண்டோக்கள்: ஸ்பெயின் நாட்குறிப்பு

முதல் நாள், செவில்லா

தூத்துக்குடியில் கடற்கரைப் பக்கம் எந்தத் தெருவில் நின்று "பெர்னாண்டோ" என்று கூப்பிட்டாலும் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். 1530களில் எங்கள் கரையில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் போர்த்துகீசியர் தங்கள் பெயர்களைக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் போய்விட்டார்கள், பெயர்கள் தங்கிவிட்டன. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்த எனக்கு வரலாறு என்பது பக்கத்து வகுப்பிலிருந்து கேட்கும் சத்தம், அவ்வளவுதான். மாட்ரிட்டில் வேலை பார்க்கும் மகள், "ம்மா, ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன், எங்க போகணும் சொல்லு" என்றபோது, "நம்ம பேருக்குச் சொந்தக்கார ராஜாவைப் பாக்கணும்ட்டி" என்றேன். விளையாட்டுக்குச் சொன்னது. அவள் போனைத் தட்டிவிட்டு, "எந்த பெர்னாண்டோ? மூணாவது ஆளா, அஞ்சாவது ஆளா?" என்று கேட்டாள்.

சரி, இரண்டு பேரையும் பார்த்துவிடுவோம் என்று கிளம்பியாயிற்று.

மூன்றாம் பெர்னாண்டோ செவில்லா பேராலயத்தில் இருக்கிறார். காஸ்டில் நாட்டு அரசர். 1248 நவம்பரில் இந்த ஊரை முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து பிடித்தவர், 1252 மே 30 அன்று இங்கேயே இறந்தவர். 1671இல் புனிதர் பட்டமும் கொடுத்தார்கள். பேராலயத்தின் அரச சிற்றாலயத்தில், பலிபீடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிப் பேழைக்குள் உடலை வைத்திருக்கிறார்கள். சுற்றுலாக் கூட்டம் நுழையும் வாசல் வேறு, ஜெபம் செய்யப் போகிறவர்களுக்கு வேறு வாசல். நான் முக்காடு போட்டுக்கொண்டு இரண்டாவது வாசலில் நுழைந்தேன். டிக்கெட் இல்லை. ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே உதவியது.

வெள்ளிப் பேழையைவிட அதன் அடியில் இருக்கும் கல்தான் என்னை நிறுத்தியது. மகன் பத்தாம் அல்போன்சோ அப்பாவுக்கு வெட்டிவைத்த கல்லறை வாசகம். லத்தீன், காஸ்டிலியன், அரபு, ஹீப்ரு என்று நாலு மொழிகளில். நாலும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் வாயால் சொல்கிறது. நாட்டின் பெயரே மாறிவிடுகிறது: லத்தீனில் ஹிஸ்பானியா, காஸ்டிலியனில் எஸ்பான்யா, ஹீப்ருவில் செஃபராத், அரபியில் அல்-அந்தலுஸ். செத்த வருடத்தைக்கூட அவரவர் நாட்காட்டியில் குறித்திருக்கிறார்கள். அரபியில் ஹிஜ்ரி 650, ஹீப்ருவில் உலகம் உண்டானதிலிருந்து 5012.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு அழகா இருந்திருக்காங்க பாரும்மா எல்லாரும் ஒண்ணா."

எனக்கு அவ்வளவு சீக்கிரம் கரைவதில்லை. ஊரைப் பிடித்த கையோடு அங்கிருந்த முஸ்லிம் குடிகளை வெளியேற்றியவரும் இதே ராஜாதான். கல்லையே கவனித்துப் பார்த்தால், லத்தீன் வாசகத்தில் மட்டும் ஊரை 'புறச்சமயத்தார் கையிலிருந்து பறித்து' கிறிஸ்தவ வழிபாட்டுக்குத் திருப்பியதாக ஒரு வரி இருக்கிறது. குருமார்கள் படிக்கும் மொழியில் இருக்கும் அந்தப் பேச்சு மற்றவர்கள் படிக்கும் மொழிகளில் இல்லை. யாருக்கு எதைச் சொல்வது என்று அல்போன்சோவுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியே இருந்தாலும், செத்துப்போன ராஜாவின் புகழை அரபியிலும் ஹீப்ருவிலும் சொல்லியாக வேண்டும் என்று நினைத்த காலம் அது. படிக்க ஆள் இருந்தார்கள், அவர்கள் படிப்பது முக்கியமாகவும் இருந்தது.

ஹிரால்டா கோபுரத்திலும் ஏறினேன். பழைய மசூதியின் மினாரா அது. படிக்கட்டு கிடையாது, 35 சாய்தளங்கள். பாங்கு சொல்பவர் குதிரையிலேயே மேலே போகலாமாம். என் முழங்காலுக்கு அந்தக் காலத்து மனிதர்கள் செய்த உபகாரம்.

இரண்டாம் நாள், செவில்லா

காலையில் அல்காசர் அரண்மனை. 1360களில் முதலாம் பெட்ரோ என்ற கிறிஸ்தவ அரசர் கட்டிய மாளிகை, பார்வைக்கு அச்சு அசல் முஸ்லிம் சுல்தானின் அரண்மனை. கிரனடா சுல்தான் நண்பர் என்பதால் அங்கிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள். முகப்பில் நீலவெள்ளை ஓட்டில் அரபு எழுத்து: 'இறைவனைத் தவிர வெற்றியாளன் இல்லை.' உள்ளே 'நம் சுல்தான் தோன் பெட்ரோவுக்கு மகிமை' என்று வேறு. இதை எழுதச் சொன்னவர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனவர்.

மதியம் ஆற்றைத் தாண்டி திரியானா. சந்தைக்குள் நுழைந்ததும் பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்குகின்றன. உப்புப் போட்டு மாதக்கணக்கில் உலர்த்தியது, ஹமோன் என்கிறார்கள். கண்ணாடித்தாள் மாதிரி சீவிக் கொடுக்கிறார் கடைக்காரர். நான் தவக்காலம் என்று தொடவில்லை, மகள் என் பங்கையும் சேர்த்துத் தின்றாள். இந்தச் சந்தைக்கு நேர் கீழே இருப்பது சான் ஹோர்ஹே கோட்டையின் இடிபாடு. ஸ்பானிய இன்குவிசிஷன், அதாவது கிறிஸ்தவ நெறியிலிருந்து வழுவியதாகச் சந்தேகப்பட்டவர்களை விசாரித்த மன்றம், 1481இல் குடியேறிய இடம், முந்நூறு வருடம் அங்கேயே இருந்தது.

மேலே ஹமோன், கீழே சிறை. இது தற்செயலாக அமைந்தது என்றாலும், பன்றிக்கறி உண்மையிலேயே இந்தக் கதையில் ஒரு சாட்சி.

1391 ஜூனில் செவில்லா யூதக் குடியிருப்பு சூறையாடப்பட்டது. வருடக்கணக்காக யூதர்களுக்கு எதிராகப் பிரசங்கம் செய்துவந்த ஒரு திருச்சபை அதிகாரி மூட்டிய தீ. மற்ற ஊர்களுக்கும் பரவியது. உயிருக்குப் பயந்து ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 'புதுக் கிறிஸ்தவர்கள்'. பதவிகளுக்கு வந்தார்கள், பழைய கிறிஸ்தவர்களுக்கு வயிறெரிந்தது. ஒளிந்து யூத முறையைக் கடைப்பிடிக்கிறார்கள் என்ற சந்தேகம். 1478இல் காஸ்டில் அரசி இசபெல்லாவும் அவர் கணவர் ஐந்தாம் பெர்னாண்டோவும் போப்பிடம் அனுமதி வாங்கி விசாரணை மன்றத்தை அமைத்தார்கள். இதில் முக்கியமான விஷயம், விசாரணையாளர்களை நியமிக்கும் உரிமை போப்பிடம் இல்லாமல் அரசர்கள் கைக்கு வந்தது. இவர்கள் ஆண்ட காஸ்டிலும் ஆரகானும் தனித்தனிச் சட்டம், தனித்தனிச் சபை, தனித்தனிக் காசு கொண்ட நாடுகள். இரண்டுக்கும் பொதுவாக வேலை செய்த ஒரே நிறுவனம் இதுதான்.

சாட்சிகள் என்னென்ன சொன்னார்கள் தெரியுமா? அவள் சனிக்கிழமை புதுத்துணி உடுத்தினாள். அவர்கள் வீட்டுப் புகைபோக்கியில் சனிக்கிழமை புகை வரவில்லை. அவன் பன்றிக்கறி வேண்டாம் என்றான். பெரிய குற்றம் எதுவுமே இல்லை, அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தவை மட்டுமே. குற்றம் சாட்டியவர் யார் என்று குற்றவாளிக்குச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு கணக்கு எனக்கு இடித்தது. இந்த மன்றத்துக்கு அதிகாரம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மேல் மட்டுமே. யூதராகவே இருப்பவரை அது தொட முடியாது. அப்படியானால் 1492இல் யூதர்களை ஏன் துரத்தினார்கள்? ஆணையிலேயே காரணம் இருக்கிறது: யூதர்கள் பக்கத்தில் இருப்பதால்தான் புதுக் கிறிஸ்தவர்கள் பழைய வழிக்குத் திரும்புகிறார்களாம். ஒரு பயம் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு போகும் விதம் இது.

இரவு அறைக்குத் திரும்பும்போது தெருவில் நாற்பது ஆண்கள் தலையில் துணிச் சும்மாடு கட்டிக்கொண்டு, மேலே சுருபம் இல்லாத வெறும் சப்பரத்தைத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தார்கள். புனித வாரத்துக்கு ஒத்திகை. ஒரே அடியில் நடக்க வேண்டும். ஆரஞ்சுப் பூ வாசனை. சும்மாட்டைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள், கோர்தோபா

ரயிலில் முக்கால் மணி நேரம். பகல் மட்டும் இங்கே.

785 வாக்கில் தொடங்கிய மசூதி, எண்ணூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள், சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள், தென்னந்தோப்புக்குள் நடப்பது போல. நடந்துகொண்டே போனால் நட்டநடுவில் திடீரென்று கூரை வானத்துக்கு எழும்பி ஒரு முழுப் பேராலயம் நிற்கிறது. 1523இல் ஆயர் இடிக்கத் தொடங்கியபோது ஊர் நிர்வாக சபையே எதிர்த்தது, வேலைக்குப் போகும் கொத்தனுக்கு மரண தண்டனை என்று அறிவித்தது. அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆயர் பக்கம் தீர்ப்பளித்தார். பிறகு வந்து பார்த்து வருத்தப்பட்டார் என்று ஒரு வசனம் சொல்வார்கள். அது பின்னால் கட்டிய கதை போலத்தான் இருக்கிறது. ராஜாக்கள் அவ்வளவு சுலபமாக வருத்தப்படுவதில்லை.

இன்னொரு கதை எனக்குப் பிடித்தது. 997இல் அல்மன்சூர் என்ற தளபதி வடக்கே சந்தியாகோ கோயிலைச் சூறையாடி, அதன் மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகள் தோளில் ஏற்றி இங்கே கொண்டுவந்து மசூதிக்கு விளக்காகத் தொங்கவிட்டாராம். 1236இல் நம்ம மூன்றாம் பெர்னாண்டோ ஊரைப் பிடித்ததும், அதே மணிகளை முஸ்லிம் கைதிகள் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினாராம். 239 வருட வட்டிக் கணக்கு. தோள் வலி மட்டும் இரண்டு தடவையும் ஏழைகளுக்கு.

நான்காம் நாள், கிரனடா

கிரனடா சுல்தான்களின் மலைக்கோட்டை அல்ஹம்ப்ரா. மகள் எப்போதோ டிக்கெட் போட்டுவைத்திருந்தாள். அதற்குள் இருக்கும் நாஸ்ரிட் வம்சத்து அரண்மனைக்குள் நுழைய மட்டும் குறிப்பிட்ட நேரம். பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவந்துவிட்டேன். திரும்பி ஓடி, மலையேறி, மூச்சு வாங்கி, கடைசி இரண்டு நிமிடத்தில் உள்ளே. "உன்னை வச்சுக்கிட்டு" என்று மகள் ஆரம்பித்தாள், சுவரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

சுவர் முழுக்க எழுத்து. செவில்லாவில் பார்த்த அதே வாசகம் இங்கே ஆயிரம் தடவை: இறைவனைத் தவிர வெற்றியாளன் இல்லை. சிங்க முற்றத்தில் பன்னிரண்டு வெள்ளைச் சிங்கங்கள் தண்ணீர்த் தொட்டியைச் சுமக்கின்றன. பதினான்காம் நூற்றாண்டு வேலை. இதைக் கட்டியவர்களின் கடைசி வாரிசு போவாப்தில், 1492 ஜனவரி 2 அன்று சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

வாங்கியவர் ஐந்தாம் பெர்னாண்டோ, நாங்கள் தேடிவந்த இரண்டாவது ஆள். ஆரகானில் அவருக்கு எண் இரண்டு. பக்கத்தில் இசபெல்லா. காஸ்டிலுக்குச் சொந்தக்காரி அந்த அம்மாள்தான். இவர்கள் சின்னத்தை ஊரெங்கும் பார்க்கலாம்: ஒரு நுகத்தடியும் ஒரு கட்டு அம்பும். ஸ்பானிஷில் நுகத்தடிக்கு முதல் எழுத்து இசபெல்லாவின் முதல் எழுத்து, அம்புக்கு பெர்னாண்டோவின் முதல் எழுத்து. அவர் சின்னத்தில் இவர் எழுத்து, இவர் சின்னத்தில் அவர் எழுத்து. கல்யாணப் பத்திரிகைக்கு நல்ல யோசனை.

சரணடைதல் சும்மா நடக்கவில்லை. 1491 நவம்பர் 25 அன்று ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். மசூதிகள் அப்படியே இருக்கும். முஸ்லிம்களை அவர்கள் சட்டப்படி அவர்கள் நீதிபதிகளே விசாரிப்பார்கள். யாரையும் மதம் மாறக் கட்டாயப்படுத்தக் கூடாது. இசபெல்லாவின் ஆன்மகுரு எர்னாந்தோ தெ தலவேரா கிரனடாவின் முதல் பேராயராக வந்தார். அவர் முன்னோரில் யூதர் இருந்ததாகச் சொல்வார்கள். வயதான காலத்தில் அரபு கற்றுக்கொள்ளப் பார்த்தார், தன் குருமாரையும் கற்கச் சொன்னார். அவர் தூண்டுதலில் எழுதிய அரபு இலக்கணமும் அகராதியும் 1505இல் இந்த ஊரில்தான் அச்சாயின. பேசிப் புரியவைத்து மாற்றலாம் என்பது அவர் நம்பிக்கை.

மாற்றம் மெதுவாக நடந்தது. 1499இல் டொலிடோ பேராயர் சிஸ்னெரோஸ் வந்தார், பொறுமையில்லாதவர். கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் நடந்தது, அல்பாயிசின் மேட்டுத் தெருக்களில் கலகம் வெடித்தது. கலகம் செய்ததால் ஒப்பந்தத்தை மீறியது நீங்கள்தான் என்று சொல்லிவிட்டார்கள். 1502இல் காஸ்டில் முழுக்க ஆணை: ஞானஸ்நானம் அல்லது வெளியேற்றம். 'ஒருபோதும்' என்று எழுதிய ஒப்பந்தத்துக்கு ஆயுள் பத்து வருடம். தலவேராவையே 1506இல் இன்குவிசிஷன் குறிவைத்தது. போப் விடுவித்தார், அடுத்த வருடமே கிழவர் போய்ச் சேர்ந்தார்.

அந்த 1492ஆம் வருடத்தின் முதல் நாலு மாதத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஜனவரி 2, கிரனடா கைக்கு வந்தது. மார்ச் 31, இதே அல்ஹம்ப்ராவில் யூதர்களை வெளியேற்றும் ஆணையில் கையெழுத்து. ஏப்ரல் 17, பக்கத்து சாந்தா ஃபேயில் கொலம்பஸோடு ஒப்பந்தம். அதே இரண்டு பேர், ஒரே மேசை என்றுகூடச் சொல்லலாம்.

வெளியே வரும் வழியில் ஐந்தாம் சார்லஸின் அரண்மனை. பெர்னாண்டோ, இசபெல்லாவின் பேரன். 1526இல் செவில்லாவில் கல்யாணம் முடித்து மனைவியோடு கோடையில் இங்கே வந்து தங்கினார். அல்ஹம்ப்ரா பிடித்துப்போய், அதன் பக்கத்திலேயே தனக்கொன்று கட்டத் தொடங்கினார். வெளியே சதுரம், உள்ளே வட்ட முற்றம். செலவுக்குப் பெரும் பங்கு மதம் மாறிய முஸ்லிம்களிடம், அதாவது மொரிஸ்கோக்களிடம், வாங்கிய வரி. அவர்கள் பின்னால் கலகம் செய்ததும் பணம் நின்றது, வேலையும் நின்றது. இருபதாம் நூற்றாண்டு வரை கூரை இல்லாமல் கிடந்ததாம். ஒரு நாள்கூட எந்த ராஜாவும் அதில் குடியிருக்கவில்லை.

ஐந்தாம் நாள், கிரனடா

அரச சிற்றாலயம். இசபெல்லா 1504இல் சாவதற்குச் சில வாரம் முன்னால் ஏற்பாடு செய்தது. பிடித்த ஊரிலேயே படுக்க ஆசைப்பட்டார். படம் எடுக்கக் கூடாது என்பதால் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

இத்தாலியச் சலவைக்கல்லில் இரண்டு பேரும் படுத்திருக்கிறார்கள். இசபெல்லாவின் தலையணை கொஞ்சம் அதிகமாக அமுங்கியிருக்கிறது. மூளை கனம் அதிகம் என்று வழிகாட்டிகள் சொல்வார்களாம். பக்கத்தில் மகள் ஹுவானாவும் மருமகன் பிலிப்பும் இன்னும் உயரமான மேடையில். படி இறங்கினால் கீழே ஒரு சின்ன நிலவறை. ஐந்து ஈயப் பெட்டிகள். அலங்காரம் எதுவும் இல்லை. ஐந்தாவது பெட்டி சின்னது. பேரன் மிகுவல். காஸ்டில், ஆரகான், போர்ச்சுகல் மூன்றுக்கும் வாரிசாகப் பிறந்து, 1500இல் இரண்டு வயது நிரம்பும் முன் இறந்தவன். அவன் பிழைத்திருந்தால் சார்லஸ் இங்கே ராஜாவாகியே இருக்க மாட்டார்.

ஹுவானாவைப் பற்றி மகள் நிறையச் சொன்னாள். புருஷன் 1506இல் செத்தபின் சவப்பெட்டியோடு ஊர் ஊராகப் போனவள், 'பைத்தியக்காரி' என்று பெயர். 1509இலிருந்து 1555இல் சாகும் வரை தோர்தெசியாஸில் அடைத்துவைத்தார்கள். முதலில் அப்பா, பிறகு மகன் சார்லஸ். அத்தனை வருடமும் சட்டப்படி காஸ்டிலின் அரசி அவள்தான், ஆணைகளில் மகன் பெயரோடு அவள் பெயரும் போனது. நாற்பத்தாறு வருடம். "பைத்தியம் இல்லைன்னாலும் பிடிச்சிருக்கும்" என்றாள் மகள்.

பெரிய கல்லறையின் வாசகத்துக்கு வருகிறேன். இதற்காகத்தானே வந்தேன். 'முகமதியப் பிரிவை வீழ்த்தியவர்களும் பிடிவாதமான திரிபுக் கொள்கையை அணைத்தவர்களுமான' பெர்னாண்டோவும் இசபெல்லாவும், ஒருமனப்பட்ட கணவன் மனைவி, 'கத்தோலிக்கர்' எனப்பட்டவர்கள், இதில் அடங்கியிருக்கிறார்கள் என்று இருக்கிறது. ஒரே மொழி, லத்தீன்.

மூன்றாம் பெர்னாண்டோவும் ஊர்களைப் பிடித்தவர்தான், அவரும் இவரைவிடச் சாது இல்லை. ஆனால் தோற்றவர்களும் படிக்க வேண்டும் என்று அவர் கல்லறையில் எழுதினார்கள். இந்தக் கல்லறையில் தோற்றவர்களின் பெயரே புகழுரையாக மாறிவிட்டது. அவர்களைப் படிக்கச் சொல்லவில்லை, படிக்க ஆள் மிஞ்சக் கூடாது என்பதுதான் பெருமை.

வெளியே வந்து பீப்-ரம்ப்லா சதுக்கத்தில் சுர்ரோ தின்றோம். நம்ம முறுக்கை எண்ணெயிலிருந்து பாதி வேக்காட்டில் எடுத்த மாதிரி, கெட்டிச் சாக்லேட்டில் தோய்த்து. சிஸ்னெரோஸ் ஆட்கள் அரபு நூல்களைக் குவித்துக் கொளுத்தியது இங்கே என்று சொல்கிறார்கள். மருத்துவ நூல்களை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டார்களாம். காய்ச்சலுக்கு மதம் கிடையாது.

ஆறாம் நாள், சாக்ரோமோந்தே

இன்று கால் வீங்கிவிட்டது, பேருந்தில்தான் மலைக்குப் போனோம். கிரனடாவுக்கு வருகிறவர்கள் இந்த மடத்துக்கு அதிகம் வருவதில்லை போலிருக்கிறது. எங்களோடு ஏழு பேர்.

1526இல் அரபு பேசக் கூடாது, அந்த உடை கூடாது, அந்தக் குளியல் கூடாது என்று சார்லஸ் தடை போட்டார். மொரிஸ்கோக்கள் பெரிய தொகை கட்டி அதை நாற்பது வருடம் தள்ளிப்போட்டார்கள். தவணை முடிந்தது. 1567 ஜனவரியில் மகன் இரண்டாம் பிலிப் மறுபடி அதே தடையைக் கொண்டுவந்தார். மூன்று வருடத்துக்குள் எல்லாரும் காஸ்டிலியன் பேச வேண்டும், முகத்திரை போக வேண்டும், குளியல் கூடங்கள் இடிபட வேண்டும், அரபுப் பெயர்கள் கூடாது.

பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலேய் என்ற வயதான மொரிஸ்கோ பிரமுகர் நீதிமன்றத் தலைவருக்கு ஒரு மனு எழுதினார். அதன் சாரத்தை மகள் எனக்கு வாசித்துச் சொன்னாள். எங்கள் உடை மதம் இல்லை, வட்டார வழக்கம். கிழக்கத்திய கிறிஸ்தவர்கள் அரபுதான் பேசுகிறார்கள், மால்டாக்காரர்கள் பேசுகிறார்கள், அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லையா? கிழவர்கள் ஒரு மொழியை மூன்று வருடத்தில் எப்படி மாற்றுவார்கள்?

இதைக் கேட்டபோது எனக்கு அம்மாச்சி ஞாபகம் வந்துவிட்டது. சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று மாதா ஜெபத்தைப் பழைய பாடத்தில் முணுமுணுப்பாள். தமிழ்தான், சேலைதான். ஒருவரும் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. நூன்யெஸ் முலேய் மனு எழுதிப் பதினோரு வருடம் கழித்து, 1578இல், அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே ஜெபநூலை அச்சடித்தார். அந்த போர்த்துகீசியச் சாமியாரும் யூத வம்சம்தான். அதனாலேயே அவரை ஒரு சபையிலிருந்து வெளியே அனுப்பினார்கள், பிறகு சேசு சபையில் சேர்ந்து எங்கள் கரைக்கு வந்தார். இரண்டு வருடத்தில் போர்ச்சுகல் மகுடமும் பிலிப் கைக்கே போனது. ஒரே ராஜாவின் ஆட்சியில் கிரனடாக்காரிக்குத் தாய்மொழி குற்றம், முத்துக்குளித்துறைக்காரிக்கு அது ஜெபமொழி.

இதற்காக ரொம்பச் சந்தோஷப்பட்டுவிடவும் முடியாது. எங்கள் கரையில் போர்த்துகீசியர் கைக்குக் கோட்டை குறைவு, கடல் அதிகம். கையில் முழுதாக இருந்த கோவாவில் 1560இல் இன்குவிசிஷன் வந்தது, 1684இல் கொங்கணி பேசத் தடையும் வந்தது. முடிந்த இடத்தில் தடுத்தார்கள், முடியாத இடத்தில் படித்துக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது.

மனு எடுபடவில்லை. 1568 கிறிஸ்துமஸ் சமயம் அல்புஹார்ராஸ் மலையில் கலகம் வெடித்தது. இரண்டு வருடத்துக்கு மேல் போர். தோற்றவர்கள் பல்லாயிரம் பேரை நடக்கவைத்து காஸ்டில் முழுக்கச் சிதறடித்தார்கள்.

அதன்பிறகு நடந்ததுதான் இந்த மலையின் கதை. 1595 முதல் நாலைந்து வருடம் இங்குள்ள குகைகளில் வட்ட வட்டமான ஈயத் தகடுகள் கிடைத்தன. விநோதமான கோண எழுத்தில் அரபு. முதல் நூற்றாண்டில் கிரனடாவுக்குக் கிறிஸ்துவைக் கொண்டுவந்த புனித செசிலியோவும் அவர் சகோதரரும் எழுதியவை என்று அவையே சொல்லிக்கொண்டன. அந்த இரண்டு பேரும் அரபியராம். மாதாவே அரபியைப் புகழ்கிறாராம். பேராயர் பெத்ரோ தெ காஸ்த்ரோ அழுதே விட்டிருப்பார், அப்படி நம்பினார். இந்த மடத்தைக் கட்டியதும் அவர்தான்.

கள்ளம்தான். அரபும் கிறிஸ்தவ மொழிதான் என்று காட்டினால் துரத்த மாட்டார்கள் என்று யாரோ மொரிஸ்கோக்கள் செய்த கடைசி முயற்சி. சந்தேகம் விழுந்த இரண்டு பேரில் ஒருவர் அலோன்சோ தெல் காஸ்தியோ, மருத்துவர். 1564இல் அல்ஹம்ப்ராச் சுவர்களைப் படித்து ஊர் சபைக்கு எழுதிக்கொடுத்தவர். கலகத்தின்போது கலகக்காரர்கள் மனம் தளரும்படி அரபியில் போலிக் கடிதங்கள் எழுதி அரசாங்கத்துக்கு உதவியவரும் அவரே. கடைசியில் ஈயத் தகடுகளை 'மொழிபெயர்க்க' கூப்பிட்டதும் அவரைத்தான். எழுதியவரிடமே அர்த்தம் கேட்டிருக்கிறார்கள் என்றால், மனிதர் எப்படி முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்?

பலிக்கவில்லை. 1609 தொடங்கி மூன்றாம் பிலிப் காலத்தில் ஏறக்குறைய மூன்று லட்சம் மொரிஸ்கோக்களைக் கப்பலேற்றினார்கள். 1682இல் ரோம் தகடுகளைக் கண்டனம் செய்து பூட்டிவைத்தது. 2000இல் திருப்பிக் கொடுத்தது. உள்ளங்கை அகலம், மங்கிய சாம்பல் நிறம். கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்த்தபோது, பரீட்சையில் கள்ளத்தனமாக எழுதிய பையனிடம் எனக்கு எப்போதும் வரும் கோபம் வரவில்லை.

ஏழாம் நாள், எல் எஸ்கோரியல்

மாட்ரிட்டிலிருந்து பேருந்து. மலையடிவாரத்தில் சாம்பல் கருங்கல்லில் ஒரு மடம், ஒரு அரண்மனை, ஒரு கல்லறை, எல்லாம் ஒரே கட்டடம். 1563இல் தொடங்கி 1584இல் முடித்தார்கள். கட்டியவர் அந்தத் தடை போட்ட பிலிப்.

அவர் படுக்கையறை என் வீட்டு ஹாலைவிடச் சின்னது. படுக்கையிலிருந்தபடியே பெரிய பலிபீடத்தைப் பார்க்க ஒரு சன்னல். கீல்வாதத்துக்கு ஒரு சாய்வு நாற்காலி. அமெரிக்க வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு வந்தது, இருந்தும் அவர் ஆட்சியில் 1557, 1560, 1575, 1596 என்று நாலு தடவை கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது கஜானா. வெள்ளி கப்பலை விட்டு இறங்கும் முன்பே வட்டிக்காரர்கள் பெயரில் எழுதியாகிவிடும். இதை நான் வகுப்பில் சொல்லியிருந்தால் கூட்டு வட்டி எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

கீழே அரசர் நிலவறை: எட்டுப் பக்க அறை, அடுக்கடுக்காக 26 சலவைக்கல் பேழைகள், பொன்னெழுத்து. சார்லஸ் இங்கேதான். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன், மூச்சு முட்டியது. ஆலயத்தில் பிலிப்பின் குடும்பம் வெண்கலத்தில் மண்டியிட்டிருக்கிறது. நாலு மனைவியில் மூன்று பேர்தான். இங்கிலாந்து மேரியைக் காணோம்.

நூலகத்துக்குக் கடைசியாகப் போனோம். நீளமான கூடம், கூரை முழுக்கச் சித்திரம். புத்தகங்களை முதுகு உள்ளே போகும்படி, தங்கம் பூசிய தாள் விளிம்பு நம்மைப் பார்க்கும்படி அடுக்கியிருக்கிறார்கள். எது எந்தப் புத்தகம் என்று தெரியாது. அரபுச் சுவடிகளும் இங்கே இருக்கின்றன. ஊரில் அந்த மொழியைத் தடைசெய்த ராஜா தன் நூலகத்துக்கு அந்த மொழியில் ஆசையாகச் சேர்த்தார். பட்டியல் போடக் கூப்பிட்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? அதே அலோன்சோ தெல் காஸ்தியோவை. பின்னால் 1612இல் மொராக்கோ சுல்தான் முலேய் ஜைதானின் நூல்கள் ஏறிய கப்பல் ஸ்பானியர் கையில் சிக்கி, ஏறக்குறைய நாலாயிரம் பிரதிகள் வந்து சேர்ந்தன. மொரிஸ்கோக்களைத் துரத்திக்கொண்டிருந்த அதே வருடங்கள். 1671 தீயில் பெரும்பகுதி போய்விட்டது.

காவலரிடம் மகள் கேட்டாள், அரபுப் புத்தகங்களைப் பார்க்கலாமா என்று. ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டும், எழுதிக் கேட்க வேண்டும் என்றார்.

திரும்பும் பேருந்தில் அவள் என் தோளில் தூங்கிவிட்டாள். நான் அம்மாச்சியின் ஜெபத்தை முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். புதுப் பாடம் தடங்கலில்லாமல் வருகிறது. பழையது "பூரண மரியாயே" தாண்டி இரண்டு வரியில் நின்றுவிட்டது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஏ புள்ள, இங்க மணி பதினொன்றரை. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலங்க. பிரியதத்தத்தினாலேக்கு அப்புறம் என்ன வரும், முழுசாச் சொல்லுங்க."

தூக்கக் கலக்கத்தில் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் அவருக்கும் புதுப் பாடம் கலந்துவிட்டது. "இரு, அம்மாவை எழுப்பிக் கேக்கேன்" என்றார்.